பத்து ரூபாய் போட்டால் எவ்வளவு திரும்பும்? லாட்டரிக்கும் சீட்டுக்கும் ஒரே கணக்கு

"பத்து ரூபாய்தானே, போனால் போகட்டும்." சென்னையில் இதைச் சொல்லாத ஆள் இருக்க முடியாது. அதே ஆள் கோயம்பேட்டில் கத்தரிக்காய்க்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பேரம் பேசுவார். பணத்தின் அருமை தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கத்தரிக்காயின் விலை பலகையில் எழுதியிருக்கிறது, பக்கத்துக் கடையில் எவ்வளவு என்றும் தெரியும். மூன்று நம்பர் எழுதிய துண்டுச் சீட்டுக்கு உண்மையில் என்ன விலை என்பது எங்கும் எழுதியிருப்பதில்லை.

அந்த விலையை நாமே கண்டுபிடிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். கணக்குப் பாடத்தில் இதை எதிர்பார்ப்பு மதிப்பு என்பார்கள். இந்தக் கட்டுரையில் சராசரி வரவு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நிறையப் பேர், நிறையத் தடவை ஒரே இடத்தில் பணம் போட்டால், போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக எவ்வளவு திரும்பி வரும்? அவ்வளவுதான் கேள்வி. இந்த ஒரு கேள்வியை லாட்டரியிடமும் கேட்கலாம், சீட்டாட்டத்திடமும் கேட்கலாம், நாம் சேமிப்பு என்று நம்பிக் கட்டும் ஏலச்சீட்டிடமும் கேட்கலாம்.

முதலில் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து லாட்டரிக்குத் தடை. ஆனாலும் கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து நடக்கும் 'மூணு நம்பர்' திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போலீஸ் பிடிப்பதும் அடிக்கடி செய்தியில் வருகிறது. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்: 10 ரூபாய் கட்டினால், மூன்று எண்ணும் வரிசையாகப் பொருந்தினால், 5,000 ரூபாய். கேட்கும்போது ஐந்நூறு மடங்கு. ஆசை வரத்தான் செய்யும்.

இப்போது கணக்கு. 000 முதல் 999 வரை மொத்தம் ஆயிரம் எண்கள். அதில் ஒன்றுதான் விழும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணாக ஆயிரத்தையும் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் 10,000 ரூபாய். பரிசு 5,000. மீதி 5,000 நடத்துபவர் பையில். ஆக, 10 ரூபாய்க்குச் சராசரி வரவு 5 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஐம்பது. கத்தரிக்காய்க்காரர் அரைக் கிலோவை நிறுத்து ஒரு கிலோ என்று சொன்னால் எவ்வளவு கோபம் வரும், அது இதுதான்.

"சராசரி எனக்கு எதற்கு? எனக்கு விழுந்தால் ஐந்தாயிரம்தானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் கணக்கே சொல்லும். தினம் 10 ரூபாய், வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் என்றால் 3,650 ரூபாய். அப்படி ஆடுபவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 69 பேருக்கு அந்த வருடம் முழுவதும் ஒரு தடவைகூட விழாது. மூன்று வருடம் விடாமல் ஆடினாலும் மூன்றில் ஒருவருக்கு ஒரு ரூபாய்கூட வராது, அவர் கட்டியது பத்தாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தெருவில் ஒருவருக்கு விழுந்த சேதி அன்று சாயங்காலத்துக்குள் நான்கு தெரு போய்விடும். விழாத 69 பேர் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அதனால் நமக்குக் காதில் விழும் கணக்கே ஒருபக்கமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, ஆளை விடாமல் பிடித்து வைப்பதே அதுதான் என்று நினைக்கிறேன். எழுதியது 482, விழுந்தது 487. "சே, ஒரே நம்பரில் போச்சு!" டீக்கடையில் இந்த வார்த்தையைக் கேட்காத வாரம் இருக்காது. இதையும் எண்ணிப் பார்க்கலாம். மூன்றில் சரியாக இரண்டு எண் அதனதன் இடத்தில் பொருந்தி, ஒன்று மட்டும் தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் 27. தினமும் ஆடுபவருக்கு இது வருடத்துக்குச் சராசரியாகப் பத்துத் தடவை நடக்கும். அதாவது ஒரு தடவைகூட ஜெயிக்காத ஆளுக்கும் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை "நெருங்கிவிட்டோம்" என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கும். உண்மையில் 482க்கு 487 எவ்வளவு தூரமோ, 016ம் அவ்வளவே தூரம். நாளைய குலுக்கலுக்கு இன்று நீங்கள் நெருங்கியது தெரியாது. "ஏழு வந்து ரொம்ப நாளாச்சு, இனிமே வரும்" என்று போன மாத முடிவுகளை நோட்டில் எழுதி வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான். ஒவ்வொரு குலுக்கலும் புதிதாக ஆயிரத்தில் ஒன்று.

அரசாங்கமே நடத்தும்போதும் கணக்கு மாறுவதில்லை, மீதிப் பணம் எங்கே போகிறது என்பது மட்டும் மாறுகிறது. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் பரிசுச்சீட்டு தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற அதன் வாசகம் வயதானவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். பணம் எங்கே போகும் என்று ஒளிக்காமல் சொன்ன வாசகம் அது. எத்தனை பேருக்கு வீட்டுக்கு, எத்தனை பேருக்கு நாட்டுக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. கேரளம் 1967இல் தொடங்கிய லாட்டரி இன்னும் நடக்கிறது. இப்போது லாட்டரி மீதான ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். வரி, ஏஜென்ட் கமிஷன், நடத்தும் செலவு எல்லாம் கழிந்த பிறகுதான் பரிசு.

சரி, சீட்டாட்டம்? தீபாவளி ராத்திரி ஆறு பேர் வீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ரம்மி ஆடுகிறார்கள். ஒருவர் இழப்பது இன்னொருவருக்கு வருகிறது. ஆறு பேரையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக்குள் வந்த பணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நூறுக்கு நூறு. திறமை உள்ளவருக்குக் கொஞ்சம் கூடும், இல்லாதவருக்குக் குறையும். ரம்மியில் திறமைக்குப் பெரிய பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றமே 1968இல் சொல்லியிருக்கிறது.

இதே ஆட்டம் ஒரு கிளப்பிலோ செல்போன் செயலியிலோ நடந்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துபவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். பத்து சதவிகிதம் என்று வையுங்கள். ஆறு பேர் நூறு நூறாகப் போட்டால் 600, அதில் 60 போய்விடும். பத்து ஆட்டம் ஆடினால் 600 ரூபாய் மேசையை விட்டுப் போயிருக்கும். யார் ஜெயித்தாலும் சரி, தலைக்குச் சராசரியாக நூறு ரூபாய் காலி. வீட்டில் ஒரு ராத்திரிக்குப் பத்து ஆட்டம் நடந்தால் அதிகம். போனில் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிட முடிந்தது, விடிய விடியவும் ஆட முடிந்தது. திறமையான ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வாதம் நடந்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யத் தமிழ்நாடு அரசு 2022இல் சட்டம் போட்டது. அந்தத் தடை ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. என் கருத்தில், வீடுகளைக் காலி செய்தது அந்தக் கழிவும் வேகமும்தான். திறமை இருந்தாலும் அவை இரண்டும் விடாது.

சராசரி வரவு குறைவாக இருந்தால் பணம் போடவே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். காப்பீட்டைப் பாருங்கள். கம்பெனிக்கும் செலவு உண்டு, லாபமும் வேண்டும். அதனால் பொதுவாக நூறு ரூபாய் பிரீமியத்துக்கு நூறு ரூபாய் திரும்பி வராது. ஆனாலும் காப்பீடு எடுப்பது புத்திசாலித்தனம். காரணம், பிரீமியம் போனால் வீடு தாங்கும். சம்பாதிக்கிற ஆள் விபத்தில் போனால் வீடு தாங்காது. தாங்க முடியாத ஒரு அடிக்குப் பதிலாக, தாங்கக்கூடிய ஒரு சின்னச் செலவை நாமே தேர்ந்தெடுக்கிறோம். பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டு, விபத்தில் இறந்தால் 2 லட்சம் தருகிறார்கள். இரண்டு நாள் நம்பர் காசு அது. ஆக, சராசரி வரவோடு இரண்டாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: கெட்டது நடந்தால் வீடு தாங்குமா?

அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவிலும் அம்மாக்கள் போட்டு வைக்கும் சிறுவாட்டுக்கு வட்டி கிடையாது, விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பும் தேய்கிறது. முதல் கேள்வியில் அதற்குப் பெரிய மார்க் இல்லை. இரண்டாவது கேள்வியில் அதை அடிக்க ஆளே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் கைகொடுப்பது அதுதான்.

இப்போது ஏலச்சீட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சென்னையில் நடுத்தரக் குடும்பங்களின் கல்யாணமும் காலேஜ் ஃபீஸும் பெரும்பாலும் இதை நம்பித்தான் இருக்கின்றன. இது சேமிப்பா, கடனா, சூதாட்டமா என்று கேட்டால், கட்டுபவர்களே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம். மாதா மாதம் ஒரு லட்சம் சேரும். அவசரம் உள்ளவர்கள் ஏலம் கேட்பார்கள். ஒருவர் "பத்தாயிரம் தள்ளி" என்பார், இன்னொருவர் "பதினைந்து" என்பார். கடைசியில் ஒருவர் இருபத்தைந்தாயிரம் தள்ளிக் கேட்டு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் முடிந்தால், அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000இல் சீட்டு நடத்துபவர் கமிஷன் ஒரு லட்சத்துக்கு ஐந்து சதவிகிதம், அதாவது 5,000. மீதி 20,000த்தை இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஆயிரம். இதைக் கசர் என்பார்கள். இந்த ஆயிரம் கழிந்து தவணை 4,000 ஆகிவிடும். சீட்டு எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும். முதல் மாதச் சீட்டை நடத்துபவரே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு, கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.

மொத்தச் சீட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள். இருபது மாதத்தில் கைமாறும் சீட்டுத் தொகை 20 லட்சம், அதில் ஒரு லட்சம் கமிஷன். மற்றதெல்லாம் உறுப்பினர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. கசரையும் வரவாகச் சேர்த்தால், நூறு ரூபாய்க்குச் சராசரி வரவு 95. மூணு நம்பரின் 50 எங்கே, இந்த 95 எங்கே. ஆனால் 95 என்பதும் நூறுக்குக் குறைவுதான். அப்படியானால் ஏன் கட்டுகிறார்கள்? அந்த ஐந்து ரூபாய்க்கு வாங்குவது காலத்தை. பணம் இன்றைக்கே வேண்டும் என்பவரும், இரண்டு வருடம் கழித்து மொத்தமாக வேண்டும் என்பவரும் ஒரே சீட்டில் சந்திக்கிறார்கள்.

இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்க்கலாம். போகப் போகத் தள்ளுபடி குறையும். இருபது மாதத்துக்கும் சேர்த்துச் சராசரித் தவணை 4,400 ஆகிறது என்று வையுங்கள். எல்லோரும் கட்டுவது 88,000. கடைசியில் எடுப்பவருக்கு யாரும் போட்டி இல்லை, கமிஷன் போக 95,000 வரும். கூடுதல் 7,000. கட்டிய காலத்தைக் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு ஒன்பது, ஒன்பதரை சதவிகித வட்டி கிடைத்த மாதிரி. இரண்டாவது மாதமே 75,000க்கு எடுத்தவர் மொத்தம் 13,000 அதிகம் கட்டுகிறார். அவருக்கு அது மாதம் ஏறக்குறைய இரண்டு வட்டிக் கடன்.

"முதலில் எடுக்கிறவன் ஏமாளி" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருக்கு வேறு எங்கே பணம் கிடைத்திருக்கும் என்று பார்க்காமல் ஏமாளி என்று சொல்ல முடியாது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்களும், பாரிமுனை நடைபாதை வியாபாரிகளும் வாங்கும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 9,000 தருவார்கள், தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தான் அதிகம்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு ஆறு வட்டிக்கு மேல் வருகிறது. அந்தத் தண்டலை அடைக்க இரண்டு வட்டிக்குச் சீட்டைத் தள்ளி எடுப்பவர் லாபத்தில் இருக்கிறார். வீட்டில் நகை இருந்தும், வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் கீழே கிடைக்கும்போது, இரண்டு வட்டிக்குத் தள்ளி எடுப்பவர்தான் வீணாகக் கொடுக்கிறார். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரி ஃபீஸ் கட்டும் சமயம் கேட்பவர்கள் அதிகம், தள்ளுபடியும் ஏறும். அவசரம் இல்லாதவர் அந்த மாதம் வாயைத் திறக்காமல் கசரை வாங்கிக்கொண்டு வருவது நல்லது. அவசரம் உள்ளவர், இவ்வளவுக்கு மேல் தள்ள மாட்டேன் என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஏலத்தில் பக்கத்து ஆள் கேட்கக் கேட்க நமக்கும் வீம்பு ஏறும். சீட்டுக்குள் சூதாட்டத்தின் சாயல் தட்டுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

குலுக்கல் சீட்டு என்று இன்னொரு வகை வரும். மாதா மாதம் குலுக்கல், பெயர் விழுந்தவர் பரிசை எடுத்துக்கொண்டு போய்விடலாம், அதற்கு மேல் கட்ட வேண்டாம். பார்க்கச் சீட்டு மாதிரி இருந்தாலும் இது லாட்டரிதான். முதலில் போனவர் கட்டாத பணத்தைப் பின்னால் இருப்பவர்கள் சுமக்கிறார்கள். 1978ஆம் ஆண்டு மத்திய சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. எல்லோரும் கடைசி மாதம் வரை கட்டி, யார் எப்போது எடுப்பது என்பதை மட்டும் குலுக்கிப் பார்ப்பது வேறு விஷயம்.

மேலே போட்ட கணக்கெல்லாம் சீட்டு நடத்துபவர் ஓடாமல் இருந்தால்தான். ஓடும் வாய்ப்பையும் கணக்குக்குள் கொண்டுவர முடியும். கடைசிச் சீட்டுக்காக 88,000 கட்டியிருக்கிறீர்கள், 95,000 வர வேண்டும். பத்தில் ஒரு பங்கு அது வராமல் போகும் என்று வைத்தால், சராசரி வரவு 95,000இல் பத்தில் ஒன்பது பங்கு, 85,500. கட்டியதற்கும் குறைவு. பத்தில் ஒன்று என்ற சந்தேகமே ஒன்பது சதவிகித வட்டி முழுவதையும் தின்றுவிடும். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் இன்னும் மோசம்: அது பெண்ணின் கல்யாணப் பணமாக இருந்தால் வீடு தாங்காது. "இரண்டு மடங்கு தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் வட்டியைக் கணக்குப் போடுவதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. சீட்டு தொடங்கும் முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, நடத்துபவர் பிணையம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது பதிவுத்துறை. கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு: ஐந்து சதவிகிதமாக இருந்ததை 2019 திருத்தத்தில் ஏழாக உயர்த்தினார்கள். சேருவதற்கு முன் பதிவு எண்ணையும் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடமே வழக்குக் கொண்டுபோகலாம். பதிவில்லாத சீட்டில் அந்த வழி கிடையாது, போலீஸிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இருந்தாலும் தெருவில் தெரிந்த அக்கா நடத்தும், பதிவில்லாத சீட்டில்தான் பலர் சேருகிறார்கள். இருபது வருடம் நாணயமாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பதிவில்லாமல் நடத்துவது சட்டப்படி குற்றம், என்னைக் கேட்டால் சேர வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே சேர்ந்து பாதி கட்டிவிட்டவர்கள் கடைசிச் சீட்டு லாபத்துக்காகக் காத்திருக்காமல், தள்ளுபடி கொஞ்சம் இறங்கிய ஒரு மாதத்தில் எடுத்து, அந்தப் பணத்தை வங்கியில் போட்டு, அதிலிருந்தே மீதித் தவணைகளைக் கட்டி வரலாம். பத்தாவது மாதம் வாக்கில் நீங்கள் கட்டியிருப்பது 44,000க்கும் கொஞ்சம் குறைவு, கைக்கு வருவது எண்பதாயிரத்தைத் தாண்டும். அதன் பிறகு சீட்டு பாதியில் நின்றாலும் உங்கள் பணம் அவரிடம் மாட்டியிருக்காது.